இருவர் பெயரில் வந்த காசோலை: கணவர் ஊரில் இல்லாதபோது பின்னால் யார் கையெழுத்திடுவது?

தாமிரபரணிப் பெண் (ஐர்விங், டெக்சாஸ்), மே 17

எல்லோருக்கும் வணக்கம். இந்த நாட்டில் காகிதக் காசோலை என் கைக்கு வருவது இதுவே முதல் முறை. பேனாவைத் திறந்தவள் மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பிப்ரவரி 10 அன்று பழைய அபார்ட்மென்ட்டைக் காலி செய்தோம். வாடகை முன்பணத்தில் கம்பளம் சுத்தம் செய்த கூலியைக் கழித்துக்கொண்டு, மீதி 1,240 டாலர் 50 சென்ட்டைக் காசோலையாக அனுப்பியிருக்கிறார்கள். அது பழைய முகவரிக்கே போய், அங்கிருந்து திருப்பப்பட்டு, ஏப்ரல் 20 வாக்கில்தான் எனக்குக் கிடைத்தது. அதற்கு நான்கு நாள் முன்புதான் என் கணவர் திருநெல்வேலிக்குப் புறப்பட்டுப் போனார். மாமனாருக்கு இதய அறுவைச் சிகிச்சை. ஜூன் 12 அன்று திரும்புகிறார்.

காசோலை எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. அவர் பெயர், பிறகு 'அண்ட்', பிறகு என் பெயர். ஆனால் என் பெயர் சரியாக இல்லை. என் பாஸ்போர்ட்டிலும் ஓட்டுநர் உரிமத்திலும் என் பெயருக்குப் பின்னால் வருவது என் அப்பாவின் பெயர். இவர்களோ என் கணவரின் கடைசிப் பெயரை, அதாவது என் மாமனாரின் பெயரை, எனக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். எங்களுக்குக் கூட்டுக் கணக்கு கிடையாது. அவருடைய சம்பளக் கணக்கு ஒரு வங்கியில். என் கணக்கு ஒரு கிரெடிட் யூனியனில், அதாவது உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு வங்கி மாதிரியான ஓர் அமைப்பில்.

தேதி 03/06/2026. ஜூன் 3 வரத்தான் இன்னும் நாள் இருக்கிறதே என்று காசோலையை இன்சூரன்ஸ் காகிதங்களோடு சேர்த்து வைத்துவிட்டேன். இன்று எடுத்துப் பார்த்தபோது, கீழே பொடி எழுத்தில் '90 நாட்களுக்குப் பிறகு செல்லாது' என்றிருப்பதைக் கவனித்தேன். அவர் வந்த பிறகு போட்டால் போதும்தானே?

இன்னொன்று. பாளையங்கோட்டையில் அப்பா செக் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பின்பக்கம் கணக்கு எண்ணையும் போன் நம்பரையும் எழுதுவார், செலானை நிரப்புவார், பெட்டியில் போட்டுவிட்டு வருவார். பெறுகிறவர் கையெழுத்து போட்டதாக நினைவில்லை. இங்கே எல்லோரும் 'எண்டோர்ஸ் செய்' என்கிறார்கள். எங்கே, எப்படிக் கையெழுத்திட வேண்டும்? அவருடைய கையெழுத்தும் வேண்டுமா?

பழைய டெல்லர் (மிச்சிகன்), மே 17

அம்மா, முதலில் தேதியைப் பாருங்கள். இந்த நாட்டில் மாதம் முன்னால், நாள் பின்னால். 03/06 என்பது மார்ச் 6. மார்ச் 6-லிருந்து 90 நாள் எண்ணினால் ஜூன் 4 வருகிறது. உங்கள் கணவர் வருவது 12-ஆம் தேதி. ஆகவே அவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாளை திங்கட்கிழமை, காலையிலேயே அந்த அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். என்ன கேட்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை காசோலையின் பின்பக்கம் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள்.

நான் ஒரு கிரெடிட் யூனியனில் பத்தொன்பது வருடம் கவுன்ட்டரில் நின்றவன். நம் ஊர்க்காரர்கள் காசோலையோடு வந்து தடுமாறுவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். அது அவர்கள் குற்றமன்று. இரண்டு நாட்டிலும் காசோலை என்றே பெயர், ஆனால் காவல் இருக்கும் இடம் வேறு. இந்தியாவில் காசோலை கொடுப்பவர் முன்பக்கம் இடது மூலையில் இரண்டு கோடு கிழித்து 'ஏ/சி பேயீ' என்று எழுதிவிடுகிறார். அந்தக் காசோலையை யார் பெயருக்கு எழுதப்பட்டதோ அவர் கணக்கில் மட்டும்தான் வங்கி வரவு வைக்கலாம். ரிசர்வ் வங்கியின் கண்டிப்பான விதி அது. அதனால்தான் உங்கள் அப்பா பின்பக்கம் கணக்கு எண்ணை எழுதினாலே போதுமானதாக இருந்தது. அமெரிக்கக் காசோலையில் அந்த இரண்டு கோடு கிழிக்கும் வழக்கமே இல்லை. இங்கே காவல் போட வேண்டியவர் வாங்கியவர்தான். போட வேண்டிய இடம் பின்பக்கம்.

காசோலையைத் திருப்பி, நெடுக்குவாட்டில் பிடியுங்கள். மேல் ஓரத்தில் இங்கே கையெழுத்திடவும் என்று ஒரு வரி, சில காசோலைகளில் அதன் அருகே ஒரு சிறு பெருக்கல் குறி, அதற்குக் கீழே மெல்லிய கோடுகள் இருக்கும். அந்தப் பகுதி சுமார் ஒன்றரை அங்குலம். அதன் கீழே, இந்தக் கோட்டுக்குக் கீழே எழுதவோ முத்திரையிடவோ கையெழுத்திடவோ கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். நமக்குச் சொந்தமானது அந்த ஒன்றரை அங்குலம் மட்டுமே; மீதி இடம் வங்கிகளின் முத்திரைகளுக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காசோலைகள் மூட்டை கட்டி விமானத்தில் போய்க்கொண்டிருந்தன. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு விமானங்கள் நின்றபோது அவையும் அங்கங்கே தேங்கிவிட்டன. அதன் பின் 2003-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2004 அக்டோபர் 28 முதல் மூலக் காகிதத்துக்குப் பதிலாக அதன் படத்திலிருந்து அச்சிட்ட நகலும் செல்லுபடியாகிறது. இப்போது இயந்திரம் இரண்டு பக்கத்தையும் படமெடுக்கிறது. பின்பக்கத்தின் கீழ்ப் பகுதியில் நீங்கள் கணக்கு எண்ணும் போன் நம்பரும் எழுதி வைத்தால், வங்கி முத்திரை அதன் மேல் விழுந்து இரண்டுமே படிக்க முடியாமல் போகும்.

இனிக் கையெழுத்து. வெறும் கையெழுத்தை மட்டும் போட்டால், அந்த நொடியிலிருந்து காசோலை கையில் வைத்திருப்பவருடையதாகிவிடுகிறது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒரு குளிர்காலத்தில் வயதான அம்மா ஒருவர் வீட்டிலேயே கையெழுத்தைப் போட்டு, காசோலையை நான்காக மடித்துக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். கவுன்ட்டரில் கையுறையைக் கழற்றினால் காசோலை இல்லை. வாகன நிறுத்தத்தில் பனிச் சேற்றுக்குள் நாங்கள் மூன்று பேர் குனிந்து குனிந்து தேடினோம். அவருடைய காரின் பின்சக்கரத்துக்கு அடியில் கிடைத்தது. மை கலைந்து, அவருடைய பெயரின் முதல் எழுத்து மட்டும் நீலமாகத் தெரிந்தது. கணவரின் ஆயுள் காப்பீட்டுப் பணம் அது. அந்த அம்மாவின் கை நடுங்கியதை என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் ஒன்றைத்தான் சொல்கிறேன்: கையெழுத்தை வங்கியில் வைத்துப் போடுங்கள், அதற்கு முன் 'ஃபார் டெபாசிட் ஒன்லி' என்று எழுதுங்கள். அதாவது கணக்கில் வரவு வைப்பதற்கு மட்டும். அதன் கீழே கணக்கு எண், அதற்கும் கீழே கையெழுத்து. உங்கள் அப்பா நம்பிய அந்த இரண்டு கோடுகளின் வேலையை இந்த மூன்று சொற்கள் செய்யும்.

உங்கள் காசோலைக்கு வருகிறேன். இரண்டு பெயருக்கும் நடுவில் 'ஆர்', அதாவது 'அல்லது', என்று இருந்தால் உங்களில் ஒருவர் கையெழுத்து போதும். 'அண்ட்' என்று இருப்பதால் இருவரும் போட வேண்டும். வெறும் சாய்கோடு மாதிரி எதுவும் தெளிவில்லாமல் இருந்தால் ஒருவர் போட்டாலும் செல்லும் என்பது மாநிலங்கள் பின்பற்றும் வணிகச் சட்டத் தொகுப்பின் 3-110-ஆம் பிரிவு. சில வங்கிகள் அதையும் ஏற்காமல் இருவரையும் கேட்கும். கூட்டுக் கணக்கு இருந்தால் கொஞ்சம் தளர்வு காட்டுவார்கள். உங்களுக்கு அது இல்லை.

பெயர் தவறு பெரிய சிக்கல் இல்லை. காசோலையில் இருக்கிறபடியே ஒரு முறை, அதற்குக் கீழே உங்கள் உண்மையான பெயரில் ஒரு முறை கையெழுத்திடலாம். அப்படி இரண்டும் வேண்டும் என்று வங்கி கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. நம் பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அப்பா பெயர் கடைசியில் வரும் வழக்கத்தை ஒவ்வொரு கவுன்ட்டரிலும் விளக்க வேண்டியிருக்கிறது. பாஸ்போர்ட்டையும் வீட்டு ஒப்பந்தத்தின் நகலையும் கையில் வைத்திருங்கள்.

90 நாளைப் பற்றி: பொதுச் சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேற்பட்ட காசோலைக்குத்தான் வங்கி பணம் கொடுக்கக் கடமைப்பட்டதில்லை. அச்சிட்ட 90 நாள் என்பது கொடுத்தவர் வைத்த கெடு. அது தாண்டியும் சில வேளை பணம் வந்துவிடும். ஆனால் அவர்கள் காசோலையை நிறுத்தி வைத்திருந்தால் அது திரும்பி வரும், உங்கள் வங்கி அதற்கு ஒரு கட்டணமும் பிடிக்கும். அந்தச் சூதாட்டம் உங்களுக்கு வேண்டாம்.

ஆகவே அலுவலகத்தில் இதைக் கேளுங்கள்: இந்தக் காசோலையை ரத்து செய்து, உங்கள் ஒருவர் பெயரில், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்களோடு, புதிய முகவரிக்கு வேறு காசோலை வேண்டும். ஒப்பந்தத்தில் கணவரும் இருப்பதால் அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதலைக் கேட்பார்கள். அவர் திருநெல்வேலியிலிருந்தே அதை மின்னஞ்சலில் அனுப்பலாம். உங்கள் பெயரை மட்டும் போட மறுத்தால், நடுவில் 'ஆர்' போடச் சொல்லுங்கள்.

தாமிரபரணிப் பெண், மே 17

ஐயா, மிக்க நன்றி. தேதியைப் படித்ததும் நெஞ்சு பதறிவிட்டது. இத்தனை நாள் அதை ஜூன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். அவரிடம் இப்போதுதான் பேசினேன். 'என் கையெழுத்து உனக்குத் தெரியும்தானே, நீயே போட்டுவிடு, நான்தான் சம்மதிக்கிறேனே' என்கிறார். ஊரில் மளிகைச் சீட்டிலிருந்து கூரியர் வரை அவருக்காக நான் போட்டுத்தான் பழக்கம். இல்லையென்றால் காசோலையை அவருக்கே கூரியரில் அனுப்பிக் கையெழுத்து வாங்கலாமா?

பழைய டெல்லர், மே 18

போடவே கூடாது அம்மா. போனில் சொன்ன சம்மதம் காகிதத்தில் தெரியாது. அவர் பெயரை நீங்கள் எழுதினால் அது கள்ளக் கையெழுத்து என்றுதான் பார்க்கப்படும். உங்களுக்குள் வழக்கு வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு அந்தக் காசோலையில் வேறு ஏதாவது சிக்கல் வந்து வங்கி இரண்டு கையெழுத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். விசாவில் இருக்கும் பிள்ளைகள் இந்த ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அவருக்காகக் கையெழுத்திடும் உரிமை வேண்டுமென்றால் அதற்கு முறையான அதிகாரப் பத்திரம் எழுத வேண்டும். அதைக் கொண்டுபோனாலும் வங்கி அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் செல்லும். 1,240 டாலருக்கு அவ்வளவு அலைச்சல் வேண்டியதில்லை.

கூரியரும் வேண்டாம். போக ஒரு வாரம், வர ஒரு வாரம். நடுவில் தொலைந்தால், அவர் கையெழுத்தோடு தொலையும்.

ராலே மாணவன், மே 18

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அக்கா, புதுக் காசோலையைப் போட்டதும் கணக்கில் தொகை தெரியும். ஒரு பகுதி மறுநாளே எடுக்கக் கிடைக்கும். 2025 ஜூலை முதல் அந்த முதல் தொகை 275 டாலர். அதற்கு முன் 225. கணக்கு புதிதாக இருந்தால் மீதிக்கு அதிக நாள் பிடித்து வைப்பார்கள். தொகை தெரிகிறது என்பதாலேயே காசோலை தேறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

நான் அந்த வேறுபாடு தெரியாமல் பணத்தை இழந்தவன். முதல் வருடம் படிப்பு மேசை ஒன்றை 150 டாலருக்கு விற்க விளம்பரம் கொடுத்தேன். வாங்குகிறவர் 1,900 டாலருக்குக் காசோலை அனுப்பினார். லாரிக்காரருக்கும் சேர்த்து எழுதிவிட்டேன், மீதியை அவருக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். கையெழுத்திட்டுப் போட்டேன். இரண்டாம் நாள் 1,900 முழுவதும் எடுக்கலாம் என்று காட்டியது. 1,750-ஐ அனுப்பினேன். ஒன்பதாம் நாள் காசோலை கள்ளக் காசோலை என்று திரும்பியது. வங்கி முழுத் தொகையையும் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டது. பின்னால் கையெழுத்திட்டுப் போட்டவன் நான் என்பதால் பொறுப்பும் என்னுடையது. வாடகை கட்ட அண்ணனிடம் கேட்க வேண்டியதாயிற்று.

உங்களுடையது தெரிந்த அலுவலகத்தின் காசோலை, அந்தப் பயம் இல்லை. இதைப் படிக்கும் புது மாணவர்களுக்காக எழுதுகிறேன்: கேட்டதற்கு மேல் எழுதிய காசோலை வந்தால், அதன் பின்பக்கம் உங்கள் பெயரை எழுதாதீர்கள்.

மூன்று பிள்ளைகளின் தாய் (நியூ ஜெர்சி), மே 18

தங்கை, கிளை தொலைவில் இருந்தால் செல்பேசியிலேயே போடலாம். அதற்கு எழுத வேண்டிய சொற்கள் கொஞ்சம் வேறு. என் வங்கி 'ஃபார் மொபைல் டெபாசிட் ஒன்லி' என்று எழுதி, வங்கிப் பெயரையும் சேர்த்து, அதன் கீழே கையெழுத்து கேட்கிறது. 2018 ஜூலையில் விதி மாறிய பிறகுதான் இப்படிக் கேட்கத் தொடங்கினார்கள். ஒரே காசோலையைப் போனில் ஒரு முறை, கவுன்ட்டரில் ஒரு முறை என்று இரண்டு தடவை போட்டுவிடாமல் தடுப்பதற்கு. அந்த வரியை எழுத மறந்ததற்காக எனக்கு ஒரு முறை மறுத்துவிட்டார்கள்.

கறுப்புத் துணி விரித்த மேசையில், நாலு மூலையும் தெரியும்படி வைத்துப் படமெடுங்கள். கிரானைட் மேடையில் வைத்தால் புள்ளிகளோடு காசோலையின் ஓரம் கலந்துவிடுகிறது. தொகை முழுதாக வரவாகும் வரை காகிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள்.

ஐயாவிடம் எனக்கும் ஒரு கேள்வி. என் ஆறு வயது மகள் பெயருக்கு அவளுடைய நடனப் பள்ளி கட்டணத்தைத் திருப்பிக் காசோலையாகக் கொடுத்திருக்கிறது. அவளுக்குக் கையெழுத்து ஏது?

பழைய டெல்லர், மே 18

அவள் பெயரை அச்செழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு 'மைனர்' என்று குறிப்பிடுங்கள். அடுத்த வரியில் உங்கள் பெயரை எழுதித் தாய் என்று குறிப்பிட்டு, அதன் கீழே நீங்கள் கையெழுத்திடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழைச் சில இடங்களில் கேட்பார்கள். முதல் தடவை கவுன்ட்டரிலேயே போடுவது நல்லது.

தாமிரபரணிப் பெண், மே 29

நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

18-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கே அந்த அலுவலகத்துக்குப் பேசினேன். முதலில் எடுத்தவர் 'இருவரும் கையெழுத்திட்டால் போதுமே' என்றார். கெடு ஜூன் 4 என்றும், கணவர் 12-ஆம் தேதிதான் வருகிறார் என்றும் சொன்னதும் கணக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். என் கணவர் ஒப்புதல் தெரிவித்து ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு, படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பினார். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டு அட்டையை மடியில் வைத்து எழுதினாராம். பழைய காசோலையின் முன்பக்கம் குறுக்கே 'வாய்ட்', அதாவது செல்லாது, என்று எழுதி நானே அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்ததற்கு அத்தாட்சியும் வாங்கிக்கொண்டேன்.

புதுக் காசோலை நேற்று வந்தது. என் பெயர் மட்டும். பின்னால் அப்பாவின் பெயர், ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல். தேதி 05/22. இந்த முறை மே 22 என்று சரியாகப் படித்தேன்.

இன்று கிரெடிட் யூனியனுக்குப் போனேன். ஐயா சொன்னபடி வீட்டில் பேனாவைத் தொடவில்லை. கவுன்ட்டரில் நின்று, காசோலையைத் திருப்பி, மேல் கோடுகளுக்குள் மூன்று சொல், கணக்கு எண், கையெழுத்து. சின்ன இடம்தான்; பொடியாக எழுத வேண்டியிருந்தது. அந்தப் பெண் பார்த்துவிட்டுத் தலையசைத்து இயந்திரத்துக்குள் விட்டார். ரசீதில் 275 டாலர் திங்கட்கிழமை, மீதி செவ்வாய்க்கிழமை என்று இருக்கிறது.

மாமனார் நேற்று முன்தினம் வீடு திரும்பிவிட்டார். ரசீதைப் படமெடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். பின்பக்கம் கையெழுத்துப் போடுவதற்கு இத்தனை விதியா என்று மாமனார் கேட்டாராம்.